காய்ந்து போகும் கண்ணுக்கு வெளிச்ச வைத்தியம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் நிறையக் கேள்விகள் கேட்பார்கள். பிரிண்டர் ஏன் ஓடவில்லை, வைரஸ் வந்துவிட்டதா, இன்டர்நெட் ஏன் மெதுவாக இருக்கிறது என்று வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே கண் எரிகிறது. மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. மானிட்டரில் ஏதாவது கோளாறா?" சமயநல்லூரில் எங்கள் தெருவில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், இந்தக் கேள்வி பெரும்பாலும் என்னிடம்தான் வரும்.

மானிட்டரில் கோளாறு இல்லை. பழைய டப்பா மானிட்டர் காலத்தில் திரை மின்னுவது ஒரு பிரச்னையாக இருந்தது. அதற்காக முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தொங்கவிட்டு வைத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? இப்போதைய எல்.சி.டி., எல்.இ.டி. திரைகளில் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் கண் எரிச்சல் மட்டும் போகவில்லை. காரணம், அது திரையிலிருந்து வருவதில்லை. நம் இமையிலிருந்து வருகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் பேசிக் கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். சுமார் 15 முதல் 20 முறை இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் ஏதாவது படித்துக் கொண்டிருக்கும்போது எண்ணச் சொல்லுங்கள். பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சிமிட்டும்போதும் மேல் இமை முழுதாகக் கீழே வந்து தொடாது. பாதி வழியில் திரும்பிவிடும்.

இதனால் என்ன என்கிறீர்களா? கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் இல்லை. கண்ணின் மேல் அது ஒரு மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. அடியில் கோழை போன்ற பொருள், நடுவில் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். குளத்துத் தண்ணீரின் மேல் எண்ணெய் ஊற்றினால் ஆவியாவது குறையும் அல்லவா, அதே வேலைதான் இங்கும். இந்த எண்ணெயைத் தருபவை இமை ஓரத்தில் வரிசையாக உள்ள சுரப்பிகள். மேல் இமையில் முப்பதுக்கு முன்னே பின்னே, கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவு. 1666-ல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் டாக்டர் ஹைன்ரிச் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். ஒவ்வொரு முறை முழுதாகச் சிமிட்டும்போதும் ஒரு சொட்டுக்கும் குறைவான எண்ணெய் வெளியே பிதுங்குகிறது. சிமிட்டாவிட்டால் எண்ணெய் உள்ளேயே தங்கிக் கெட்டியாகிவிடுகிறது. மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. வாய் அடைத்துக் கொள்கிறது. எண்ணெய்ப் படலம் இல்லாததால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. கண் காய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இப்படிக் காய்ந்த கண்ணில் சில சமயம் தண்ணீர் கொட்டும். எரிச்சலைத் தணிக்க உடம்பு தண்ணீரை மட்டும் அள்ளி ஊற்றுகிறது. எண்ணெய் இல்லாத தண்ணீர் நிற்காமல் வழிந்து போகிறது. "என் கண்ணில்தான் தண்ணீர் வருகிறதே, வறட்சி எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

<b>எனக்கு வந்த கதை</b>

எனக்கும் இது வந்தது. அமெரிக்க கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை. மாலை ஐந்துக்கு உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வைகையில் மணல்தான் தெரியும். அந்தக் காற்றோடு தலைக்கு மேலே ஃபேன். இரவு பதினோரு மணிக்கு எழுத்துகள் கலங்கும், நாலு தடவை சிமிட்டினால் தெளியும், மறுபடி கலங்கும். பக்கத்து வரியில் உள்ள அரைப்புள்ளி முழுப்புள்ளியாகத் தெரிந்தால் புரோகிராமருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் காட்டினேன். கண்ணாடிப் பவர் சரியாகவே இருந்தது. பிறகு சில பரிசோதனைகள் செய்தார்கள். உங்களுக்கும் செய்வார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கீழ் இமைக்குள் ஒரு சிறு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். காகிதத்தில் கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று அளப்பார்கள். 1903-ல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் சொன்ன முறை. நூறு வருடம் தாண்டியும் மாறவில்லை. பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஊறினால் பொதுவாகப் போதும் என்கிறார்கள். எனக்கு 14. ஆக, தண்ணீர் சுரப்பதில் குறை இல்லை.

அடுத்தது ஒரு ஆரஞ்சு நிறச் சாயம். கண்ணில் தொட்டு வைத்து, நீல விளக்கில் பார்த்தால் கண்ணீர்ப் படலம் பச்சையாக மின்னும். சிமிட்டாமல் விழித்திருக்கச் சொல்லி, படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள். பத்து நொடிக்கு மேல் நின்றால் நல்லது. எனக்கு நாலு நொடியில் கறுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்துவிட்டன.

மூன்றாவதுதான் நம் பத்திரிகை வாசகர்களுக்குப் பிடிக்கும். இமையைப் புரட்டிப் பிடித்து அகச்சிவப்புக் கேமராவில் படம் எடுக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவின் சென்சாருக்குத் தெரியும். டி.வி. ரிமோட்டை மொபைல் கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்திப் பாருங்கள், நுனியில் ஒரு வெளிச்சம் திரையில் தெரியும். (சில போன்களில் பின்பக்கக் கேமராவில் தெரியாது. முன்பக்கக் கேமராவில் பாருங்கள்.) அதே தத்துவத்தில், இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் வெள்ளைக் கோடுகளாகக் கம்ப்யூட்டர் திரையில் வந்தன. கண்ணைத் தொடாமல் இப்படிப் படம் எடுக்கும் முறையை 2008-ல் வெளியிட்டவர் ஜப்பான் டாக்டர் ரெய்கோ அரிட்டா. என் கீழ் இமையில் சில கோடுகள் பாதியில் நின்றிருந்தன. மூக்குப் பக்கம் இரண்டு கோடுகள் காணவே காணோம். போன சுரப்பி மறுபடி முளைக்காது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு வயது இருபத்தெட்டு. இன்னும் முப்பது வருடம் திரையைப் பார்த்துப் பிழைக்க வேண்டியவன். அந்தப் படத்தைப் பார்த்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது நிஜம்.

<b>கிரிக்கெட் இல்லாத ஐ.பி.எல்.</b>

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் "ஐ.பி.எல். செய்து கொள்" என்றார். சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடும் ஐ.பி.எல். இல்லை. இன்டென்ஸ் பல்ஸ்டு லைட். அதாவது, தீவிரமான ஒளியைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சுவது.

வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா கேட்டது இது: "ஏண்டா தம்பி, அந்த வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்துத்தான் கண்ணு காஞ்சு போச்சுங்கிற. அதுக்கு மறுபடியும் வெளிச்சமா அடிப்பாங்க?"

நல்ல கேள்வி. பதில் இரண்டு பாகம். ஒன்று, ஏற்கெனவே சொன்னேன், திரையின் வெளிச்சம் கண்ணைக் காய வைக்கவில்லை, சிமிட்டாததுதான் காய வைத்தது. இரண்டு, இந்தச் சிகிச்சையின் வெளிச்சம் கண்ணுக்குள் போவதே இல்லை. போகவும் கூடாது. கண்ணை மூடி, மேலே ஒளி புகாத கவசம் போட்டு, கீழ் இமைக்குக் கீழே கன்னத்துத் தோலில்தான் அடிக்கிறார்கள்.

கருவிக்குள் இருப்பது கேமரா ஃபிளாஷில் இருக்கும் அதே வகை செனான் விளக்கு. சக்தி மட்டும் பல மடங்கு அதிகம். லேசர் போல ஒரே நிறம் இல்லை, பல நிறங்கள் கலந்த ஒளி. அதில் வேண்டாத நிறங்களை ஒரு ஃபில்டர் தடுத்துவிடும். சுமார் 590 நானோமீட்டருக்கு மேல் உள்ள மஞ்சள், சிவப்பு, அகச்சிவப்பு மட்டும் தோலுக்குள் போகும். ஒவ்வொரு துடிப்பும் சில மில்லி செகண்டுதான். தோலுக்கு அடியில் இமை ஓரமாகத் தடித்துப் போயிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உள்ள ஹீமோகுளோபின் இந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. குழாய் சுருங்கி அடைபடுகிறது. அந்தக் குழாய்கள் வழியாகத்தான் வீக்கத்தைத் தூண்டும் பொருட்கள் இமைக்கு வந்து கொண்டிருந்தன. அவை குறைகின்றன. கூடவே சூட்டில் எண்ணெய் இளகுகிறது. ஒளி அடித்து முடித்ததும் டாக்டர் இமையை அழுத்தி, இளகிய எண்ணெயைப் பிதுக்கி எடுக்கிறார். இது கொஞ்சம் வலிக்கும் என்கிறார்கள். இரண்டு முதல் நாலு வார இடைவெளியில் நாலு முறை செய்வது வழக்கம்.

இது கண்ணுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது இல்லை என்பது சுவாரஸ்யம். 1990-களில் இஸ்ரேலில் உருவான கருவி. கால்களில் தெரியும் மெல்லிய ரத்தக் குழாய்களை மறைக்க 1995-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு முகத்தில் சிவப்புத் தடிப்பு வரும் ரோசேஷியா என்ற தோல் நோய்க்கும் இதை உபயோகித்தார்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரக் கண் டாக்டர் ரோலண்டோ டொயோஸ், இப்படி முகத்துக்கு ஒளி வைத்துக் கொண்டவர்களுக்குக் கண் வறட்சியும் குறைவதை 2000-களின் தொடக்கத்தில் கவனித்தார். அதைப் பிடித்துக் கொண்டு பல வருடம் வேலை செய்தார். 2021 ஏப்ரலில்தான் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., லூமெனிஸ் கம்பெனியின் ஆப்டிலைட் என்ற கருவிக்குக் கண் வறட்சிக்கென்றே அனுமதி தந்தது. சென்னை போன்ற பெருநகரங்களில் சில தனியார் மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை வந்துவிட்டது.

<b>சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ் படித்தீர்களா?</b>

புதிய சாஃப்ட்வேர் வாங்கும்போது பெட்டியின் பின்னால் சிறு எழுத்தில் ஒன்று இருக்கும். எந்த விண்டோஸ், எவ்வளவு ராம் என்று. அதைப் படிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதே பழக்கத்தில் இந்தக் கருவிக்கு எஃப்.டி.ஏ. கொடுத்த அனுமதியைத் தேடிப் படித்தேன். 22 வயதுக்கு மேற்பட்டவர்கள், எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறால் வந்த வறட்சி, மிதமானது முதல் தீவிரமானது வரை என்று போகிறது. அடுத்து ஒரு வரி: ஃபிட்ஸ்பேட்ரிக் தோல் வகை ஒன்று முதல் நான்கு வரை.

இதென்ன தோல் வகை? தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற ஹார்வர்டு தோல் டாக்டர் 1975-ல் போட்ட அளவுகோல். வெயில் பட்டால் தோல் எரிந்து சிவக்குமா, கறுக்குமா என்பதை வைத்துப் பிரித்தார். ஆரம்பத்தில் நாலு வகைதான் இருந்தது. நாலுமே வெள்ளைக்காரர்களுக்கானது. பழுப்புத் தோலுக்கு ஐந்து, கறுப்புத் தோலுக்கு ஆறு என்று பிறகுதான் சேர்த்தார்கள். நம் நாட்டில் நாலும் உண்டு, ஐந்தும் உண்டு, ஆறும் உண்டு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள், எது அதிகம் என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால் நான் ஐந்து. தேனூர்ப் பக்கம் வயலில் நிற்கும் என் மாமா நிச்சயம் ஆறு.

தோல் நிறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இதே ஒளியை உறிஞ்சும். ரத்தக் குழாய்க்குப் போக வேண்டிய சக்தியை மேலே இருக்கும் மெலனினே பிடித்து வைத்துக் கொள்ளும். தோல் சூடாகும். கொப்புளம் வரலாம், கருந்திட்டு வரலாம், சில சமயம் நிறம் போய் வெண்திட்டும் வரலாம். அதுவும் கண்ணுக்குக் கீழே, முகத்தில்.

இப்போது சென்னைக் கதைக்கு வருகிறேன். நண்பர் சொன்ன கிளினிக்குக்கு போன் செய்தேன். பெயர் வேண்டாம். நாலு சிட்டிங், பேக்கேஜ் என்றார்கள். சொன்ன தொகை என் லேப்டாப் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. முன்பணம் கட்டினால் சலுகை உண்டு. பேசியவர் வயது கேட்டார், எந்தக் கிழமை வசதி என்று கேட்டார். தோல் நிறம் கேட்கவில்லை. நானே "நான் கறுப்பு, பரவாயில்லையா?" என்றேன். "அதெல்லாம் பிரச்னை இல்லை சார், எல்லோருக்கும் செய்கிறோம்" என்று பதில் வந்தது. முன்பணம் கட்டவில்லை.

மதுரை டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் முன்கையை நீட்டச் சொன்னார். சட்டைக் கைக்குள் இருக்கும் இடத்தையும் வெளியே இருக்கும் இடத்தையும் பார்த்தார். பிறகு சொன்னதன் சாரம்: சக்தியைக் குறைத்து, முதலில் ஒரு சிறு இடத்தில் அடித்துப் பார்த்து, இரண்டு நாள் காத்திருந்து, அதன் பிறகு கருமையான தோலிலும் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சக்தியைக் குறைத்தால் பலன் எவ்வளவு நிற்கும் என்பது வேறு கேள்வி. இன்னொன்றும் சொன்னார். இமை வீக்கத்துக்குப் பல டாக்டர்கள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதுவார்கள். அது தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும். அந்த மாத்திரை சாப்பிடும்போது ஒளி வைத்தால் ஆபத்து கூடும். எனக்கு அவர் எழுதிய சீட்டில் அந்த மாத்திரை இருந்தது. சென்னையில் யாரும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. யுனிகோடு பரவும் முன் தமிழ் ஃபைல் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீடு. கம்ப்யூட்டர் கெட்டது இல்லை, ஃபைல் கெட்டது இல்லை. எழுதியவர்கள் மனதில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் நினைவிருக்கிறதா? அதுவும் ஒளியைத் தோல் வழியே அனுப்பித்தான் அளக்கிறது. ஆக்ஸிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஒளியை வைத்து வேலை செய்யும் எந்த மருத்துவக் கருவியானாலும் "என் தோலில் சோதித்தீர்களா?" என்று நாம் கேட்கலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சரி, வெள்ளைத் தோலிலாவது இது உறுதியாக வேலை செய்கிறதா? பல டாக்டர்கள் பலன் கண்டிருக்கிறார்கள். நண்பருக்கும் எரிச்சல் குறைந்திருக்கிறது. அவர் நல்ல சிவப்பு. ஆனால் உலக அளவில் மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் இதை ஆராய்ந்தபோது, தரமான முறையில் நடந்தவை என்று மூன்று ஆய்வுகளைத்தான் எடுத்துக் கொள்ள முடிந்தது. மொத்தம் 114 பேர். அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். அதன் பிறகும் ஆய்வுகள் வந்திருக்கின்றன, அந்த எஃப்.டி.ஏ. அனுமதியும் வந்தது. இது மோசடி இல்லை. ஆனால் முதல் மருந்தும் இல்லை. அனுமதியிலேயே சூட்டு ஒத்தடம், கண்ணீர்ச் சொட்டு மருந்து, இமையைப் பிதுக்குதல் இவற்றோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. தனியாக அல்ல.

சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் பதித்த முகமூடி ஒன்றும் சில இடங்களில் இருக்கிறது. கண்ணை மூடிக் கொண்டு பதினைந்து நிமிடம் மாட்டியிருக்க வேண்டும். பளிச்சென்று அடிப்பதில்லை, மிதமாகச் சூடேற்றுகிறது. எல்லா நிறத் தோலுக்கும் ஏற்றது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆய்வுகள் இன்னும் குறைவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் முடி நீக்கும் ஐ.பி.எல். கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. "அதே ஐ.பி.எல்.தானே, வீட்டிலேயே அடித்துக் கொள்ளலாமே" என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்டான். கூடவே கூடாது. கண்ணைச் சுற்றி உபயோகிக்காதே என்று அந்தப் பெட்டியிலேயே போட்டிருக்கும். நம் கருவிழியைச் சுற்றியுள்ள பழுப்பு வளையத்திலும் மெலனின் நிறைய இருக்கிறது. மூடிய இமை வழியாகவும் ஒளி உள்ளே போய் அதைச் சுட்டுவிடும். சரியான கவசம் இல்லாமல் புருவத்துக்குப் பக்கத்தில் அடித்துக் கொண்டு கண்ணுக்குள் வீக்கமும், பாப்பா உருமாறிப் போவதும் ஏற்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

<b>நான் இப்போது செய்வது</b>

ஐ.பி.எல்.லைத் தள்ளி வைத்திருக்கிறேன். மூன்று மாதம் ஒத்தடம் கொடுத்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்றார் டாக்டர். காலையும் இரவும் சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் பத்து நிமிடம். கை பொறுக்கும் சூடு, சுமார் 40 டிகிரி. துணி ஒரு நிமிடத்தில் ஆறிவிடும், மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்கு இதில் பரம திருப்தி. ஒத்தடத்துக்குப் பிறகு சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவ வேண்டும். பாட்டி சொன்ன நந்தியாவட்டைப் பூவை மட்டும் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். கண்ணுக்குள் தோட்டத்துப் பொருள் எதுவும் போகக் கூடாது.

கம்ப்யூட்டரில் செய்த மாற்றங்களை நீங்கள் இன்றைக்கே செய்யலாம். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேலே பார்த்தால் கண் அகலத் திறக்கும், ஆவியாவது கூடும். கீழே பார்த்தால் இமை பாதி மூடியிருக்கும். எழுத்து சிறிதாக இருந்தால் உற்றுப் பார்ப்போம், சிமிட்ட மறப்போம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், பிறகு டிஸ்ப்ளே போங்கள். அங்கே ஸ்கேல் என்பதில் 125 சதவீதம் வைத்துப் பாருங்கள். எழுத்தை மட்டும் பெரிதாக்க அக்ஸஸிபிலிட்டி பகுதியில் டெக்ஸ்ட் சைஸ் இருக்கிறது. ஃபேன் காற்றும் ஏ.சி. காற்றும் முகத்தில் நேரே அடிக்க வேண்டாம். நான் மேஜையையே திருப்பிப் போட்டுவிட்டேன்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது நொடி பார்க்கச் சொல்வார்கள். எனக்கு ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல் ரயில் பாதை. ரயில் வராத நேரத்திலும் பார்க்கிறேன். அப்போதே பத்து முறை மெதுவாக, மேல் இமை கீழ் இமையைத் தொடும்படி சிமிட்டுங்கள். மறந்து போகும் என்றால் விண்டோஸ் கிளாக் புரோகிராமில் டைமர் வைத்துக் கொள்ளுங்கள். நான் இதற்காகப் பத்து வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திரை நடுவில் "சிமிட்டு" என்று வரும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2023-ல் அதே காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, கண் களைப்பைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்துக்குப் பாதுகாப்புப் பொருள் கலக்காத கண்ணீர்ச் சொட்டு மருந்து வாங்கலாம். அதையும் டாக்டர் சொன்ன பிறகு வாங்குங்கள். கடையில் "சிவப்புப் போக" என்று கேட்டு வாங்கும் மருந்து வேறு, இது வேறு.

மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பரிசோதனைக்கு அலைய வேண்டியதில்லை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் விஷன் சென்டர்கள் நடத்துகிறது. அங்கே இருக்கும் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், டாக்டர் வீடியோவில் பார்ப்பார். தேனி மாவட்டத்தில் இன்டர்நெட் சரியாக இல்லாத அந்த நாளில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வந்து, வீட்டில் நாம் உபயோகிக்கும் வைஃபையையே நீண்ட தூர ஆன்டெனா வைத்து மாற்றி, பல கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்டர்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதிக் கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரை முன்னால் இருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். "எனக்குத் தண்ணீர் குறைவா, எண்ணெய் குறைவா?" என்று கேளுங்கள். தண்ணீர் குறைவு என்றால் இந்த ஒளிச் சிகிச்சையின் அனுமதி உங்களுக்குப் பொருந்தாது. எண்ணெய் குறைவு, ஒளி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், தோல் வகை எத்தனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம் எனக்கு மறுபடி சாயப் பரிசோதனை செய்தார்கள். நாலு நொடி இப்போது ஏழு நொடி. ஒத்தடம் தொடர்கிறது.